ஏ.பி. வகுப்பை விட்டதற்கு எத்தனை பக்கம் எழுதுவது?

அமெரிக்காவில் பிள்ளைகளை ஹைஸ்கூலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழ் அப்பா அம்மாக்களுக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) வகுப்பும் எடுக்கிறேன், சாதாரண வகுப்பும் எடுக்கிறேன். அக்டோபர் வந்தால் என் மேசைக்கு இரண்டு வகைத் தாள் வரும். ஒன்று, கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பது. மற்றது, வகுப்பிலிருந்து விலக அனுமதி கேட்கும் படிவம். இரண்டையும் ஒரே பிள்ளை ஒரே நாளில் கொண்டுவருவதும் உண்டு. எதை முதலில் நீட்டுவது என்று தெரியாமல், பாவம், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

இந்த மடல் அந்த இரண்டாவது தாளைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அதில் கையெழுத்தான பிறகு வீட்டில் நடக்கும் ரகளையைப் பற்றியது. "ஏ.பி.யை விட்டுட்டான், இதைக் காலேஜுக்கு எப்படி விளக்கறது?" என்று வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

சுருக்கமான பதில் இதுதான்: இரண்டு மூன்று வரி போதும். பலருக்கு அதுகூட வேண்டாம். ஒரு பக்கம் எழுதினால் கெடுதல்.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஏன் என்பதும் தெரியும். நம்மில் முக்கால்வாசிப் பேர் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் 300-க்கு எத்தனை, அது போன பிறகு 200-க்கு எத்தனை. அந்த ஒரு எண்தான் ஜாதகம். அரை மதிப்பெண் குறைந்தால் கிண்டி கைநழுவிப் போய்விடும். அந்த ஏற்பாட்டில் ஒரு பாடத்தை நடுவில் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப்பிலிருந்து காமர்ஸ் குரூப்புக்கு மாறினாலே தெரு முழுக்கத் துக்கம் விசாரிக்கும். அதே கண்ணோடு இங்கே பார்த்தால் ஏ.பி.யும் ஒரு மதிப்பெண்ணாகத்தான் தெரியும். போதாததற்கு, கல்யாணத்தில் எத்தனை பவுன் என்று விசாரிப்பதுபோல "உங்க பொண்ணு எத்தனை ஏ.பி.?" என்று நமக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறோம்.

இங்கே விண்ணப்பத்தைப் படிக்கிற விதமே வேறு. பிள்ளை அனுப்புவது ஒரு பக்கம் இருக்க, பள்ளியிலிருந்து தனியாக மூன்று தாள் போகும். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எடுத்த பாடங்களும் கிரேடுகளும் உள்ள தாள், உங்களுக்குத் தெரியும். இரண்டாவது, ஸ்கூல் புரொஃபைல். இந்தப் பள்ளியில் எந்தெந்த ஏ.பி. நடக்கிறது, வருடத்துக்கு இத்தனைக்கு மேல் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு உண்டா, கிரேடு எப்படிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது, கவுன்சிலர், அதாவது பள்ளியின் மாணவர் ஆலோசகர், நிரப்பும் ஸ்கூல் ரிப்போர்ட். காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) வழியாகப் போகும் அந்த ரிப்போர்ட்டில் ஒரு கேள்வி இருக்கிறது: கல்லூரிக்குப் போக இருக்கும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை? பதிலுக்கு ஐந்து படிகள். மேல் படி 'மிக மிகக் கடினம்', கீழ்ப்படி 'கடினம் என்று சொல்வதற்கில்லை' என்கிற மாதிரி. கவுன்சிலர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

நீங்கள் இரவெல்லாம் கவலைப்படும் விஷயம் உண்மையில் முடிவாவது அந்த ஒரு கட்டத்தில்தான். அதனால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கவுன்சிலரிடம் நேராகக் கேளுங்கள்: "இவள் இதை விட்டால், பாடக் கடினத்தில் நீங்கள் போடும் மதிப்பீடு மாறுமா?" பல பள்ளிகளில் இதற்கு எழுதிவைத்த விதி இருக்கும், இத்தனை ஏ.பி. இருந்தால் இந்தப் படி என்று. ஏழில் ஒன்றை விட்டால் பெரும்பாலும் மாறாது. மூன்றில் ஒன்றை விட்டால் மாறலாம். "மாறாது" என்று பதில் வந்தால் உங்கள் பிரச்சினையில் முக்கால் பங்கு அங்கேயே தீர்ந்தது. இந்தக் கேள்வியைக் கேட்கிற பெற்றோரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். "ஹார்வர்டுக்குத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம், என்.ஏ.சி.ஏ.சி., கல்லூரிகளிடம் கருத்துக்கணிப்பு நடத்தி, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள் என்று கேட்டு வெளியிடுகிறது. பட்டியலின் உச்சியில் நிற்பவை பள்ளியில் வாங்கிய கிரேடுகளும் எடுத்த பாடங்களின் கனமும்தான். இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஏ.பி.யில் உட்கார்ந்தபடியே டி வாங்கினால் ஒன்றைக் காப்பாற்றி மற்றதைத் தொலைக்கிறோம். அந்த டி-க்கும் விளக்கம் எழுதத்தான் வேண்டும், அது இதைவிடச் சங்கடமான விளக்கம்.

இன்னொரு கணக்கையும் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கும் ஏ.பி.க்குத் தேர்வு மே மாதம், முடிவு வருவது ஜூலையில். கல்லூரிகள் மார்ச் முடிவதற்குள் பதில் சொல்லிவிடும், நீங்கள் சம்மதம் சொல்லவேண்டிய வழக்கமான கெடு மே 1. ஆக, "கஷ்டப்பட்டாவது உட்கார்ந்து 5 வாங்கிடுவான்" என்று பிடித்துவைக்கிறீர்களே, ஏ.பி. தேர்வின் உச்ச மதிப்பெண்ணான அந்த 5 சேர்க்கைக்குத் துளியும் உதவாது. சேர்ந்த பிறகு கிரெடிட் வாங்க உதவலாம், அதுவும் கல்லூரியைப் பொறுத்து. படிப்பவர் கண்ணில் படுவது வகுப்பின் பெயரும் அரையாண்டு கிரேடும் மட்டும்தான். வகுப்பில் இல்லாமலேயே மே மாதத் தேர்வை எழுதலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் நவம்பர் நடுவில் வரும் கெடுவுக்குள் சொல்லிவைத்தால் சரி. அதே ஒருங்கிணைப்பாளரிடம் வேண்டாம் என்று சொல்வதையும் அந்தக் கெடுவுக்குள் செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு ரத்து செய்தால் 40 டாலர் போகும்.

சரி, விளக்கத்துக்கு வருவோம். எப்போது ஒன்றுமே எழுதவேண்டாம்?

பள்ளி திறந்து முதல் சில வாரங்களுக்குள், பாடம் மாற்றிக்கொள்ளும் கெடுவுக்குள் விட்டிருந்தால் டிரான்ஸ்கிரிப்டில் அந்த வகுப்பின் சுவடே இருக்காது. இல்லாத ஒன்றுக்கு விளக்கம் எழுதி நீங்களே ஏன் சுட்டிக்காட்டவேண்டும்? மேல் படியான கால்குலஸ் பி.சி.யிலிருந்து அதற்குக் கீழ்ப்படியான ஏ.பி.க்கு, அதாவது ஏ-யும் பி-யும் சேர்ந்த அந்த கால்குலஸ் ஏ.பி.க்கு மாறியதற்கும் வேண்டாம். (கால்குலஸில் ஒரு ஏ.பி., அதற்கு மேல் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று இன்னொரு ஏ.பி. பெயர் வைத்தவர்கள் தமிழ்ப் பெற்றோரை நினைத்துப் பார்க்கவில்லை.) பத்தாம் வகுப்பில் உலக வரலாறு ஏ.பி.யை விட்டுச் சாதாரண வரலாற்றுக்குப் போய், பதினொன்றில் இரண்டு ஏ.பி. எடுத்து ஏ வாங்கியிருக்கும் பெண்ணுக்கும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு டிரான்ஸ்கிரிப்டே அவளுக்காகப் பேசிவிடும்.

எழுதவேண்டிய இடங்கள் வேறு. கெடு தாண்டி விட்டதால் டிரான்ஸ்கிரிப்டில் 'டபிள்யூ', அதாவது விலகியதற்கான குறி, விழுந்திருக்கிறது. சில பள்ளிகளில் அதோடு, விலகும்போது தேறும் நிலையில் இருந்தானா, தோற்கும் நிலையில் இருந்தானா என்பதையும் சேர்த்துப் போடுவார்கள். அல்லது, எஞ்சினியரிங் கேட்டு விண்ணப்பிக்கிற பிள்ளை இயற்பியலை விட்டிருக்கிறது. அல்லது, விட்ட இடத்தில் வேறு பாடம் எதுவும் வராமல் ஸ்டடி ஹால் என்று வெற்றிடமாக இருக்கிறது. உடம்புக்கு முடியாமல் போனது, வீட்டில் பெரிய சம்பவம், பள்ளியே இரண்டு வகுப்புகளையும் ஒரே பீரியடில் வைத்துவிட்டது போன்றவையும் இதில் சேரும். படிப்பவருக்கு இங்கே இயல்பாகவே ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

இப்போது உங்கள் வீடுகளிலிருந்து எனக்கு 'ஒரு பார்வை பாருங்க' என்று வரும் விளக்கங்களைப் பற்றி. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, எல்லாம் ஒரே வார்ப்பு. மூன்றாம் வகுப்பு ஸ்பெல்லிங் பீயில் ஆரம்பிக்கும். ரோபாட்டிக்ஸ் கேப்டன் ஆனது வரும். அப்புறம் இயற்பியல் ஆசிரியர் எவ்வளவு அநியாயமாகத் திருத்துகிறார் என்று ஒரு பத்தி. மதுரையில் பாட்டிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கடைசியில், இயற்பியல் மீது தணியாத தாகம் இருப்பதாக ஓர் உறுதிமொழி. இந்தத் தாகம் இருப்பவன் ஏன் அந்த வகுப்பை விட்டான் என்று படிப்பவர் யோசிக்க மாட்டாரா? இன்னொன்று, அப்பா எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பதினேழு வயதுப் பிள்ளை 'மேற்கண்ட சூழ்நிலைகளின் காரணமாக' என்று எழுதாது.

அதே பையன் இப்படி எழுதலாம்: "பன்னிரண்டாம் வகுப்பை ஏ.பி. ஃபிசிக்ஸ் சி, கால்குலஸ் பி.சி., ஏ.பி. கெமிஸ்ட்ரி மூன்றோடும் தொடங்கினேன். அக்டோபரில் அம்மாவுக்கு வேலை நேரம் மாறியதால் மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. மூன்றையும் சரியாகச் செய்ய நேரம் போதவில்லை என்பதால் ஃபிசிக்ஸ் சி-யிலிருந்து ஹானர்ஸ் ஃபிசிக்ஸுக்கு மாறினேன். மற்ற இரண்டையும் தொடர்கிறேன்."

எதை விட்டான், எப்போது, ஏன், பதிலுக்கு என்ன எடுத்தான். அவ்வளவுதான். (ஹானர்ஸ் என்பது ஏ.பி.க்கு ஒரு படி கீழே, சாதாரண வகுப்புக்கு மேலே.) ஆசிரியர் மேல் பழி இல்லை. வருத்தம் தெரிவிக்கவில்லை. "இதிலிருந்து நேர மேலாண்மையைக் கற்றுக்கொண்டேன்" என்ற வரி இல்லாததை முக்கியமாகக் கவனியுங்கள். அந்த வரியைப் படித்துப் படித்து அங்கே இருப்பவர்களுக்கு அலுத்திருக்கும்.

"காரணம் என்று ஒன்றும் இல்லை டீச்சர், பாடம் கஷ்டமா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றால்? அதையே எழுதலாம். "வகுப்பின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடிப்படையை உறுதியாக்கிக்கொள்ள ஹானர்ஸ் வகுப்புக்கு மாறினேன்." இதைச் சொன்னால் பெற்றோர் முகம் சுருங்கிவிடுகிறது. ஏதாவது உடம்பு சரியில்லை என்று போடலாமா என்று மெல்லக் கேட்கிறீர்கள். போடக்கூடாது. எழுதியதெல்லாம் உண்மை என்று விண்ணப்பத்தின் முடிவில் பிள்ளை கையெழுத்துப் போடுகிறது. கவுன்சிலர் எழுதுவதில் அந்த வியாதி இருக்காது. இரண்டும் முட்டிக்கொண்டால், ஒரு வகுப்பை விட்ட சின்ன விஷயம் நம்பகத்தன்மைப் பிரச்சினையாகிவிடும். உண்மையாகவே உடல்நலமோ மனநலமோ காரணமாக இருந்தால் நோயின் பெயரையும் மாத்திரைப் பட்டியலையும் எழுதவேண்டியதில்லை. "உடல்நலக் காரணத்தால் ஆறு வாரம் பள்ளிக்கு வர இயலவில்லை, இப்போது முழுமையாகத் திரும்பிவிட்டேன்" என்ற அளவில் நிறுத்தலாம். எவ்வளவு சொல்வது என்பது பிள்ளையின் உரிமை.

எங்கே எழுதுவது? காமன் ஆப்பில் கூடுதல் தகவல் என்று ஒரு பகுதி இருக்கிறது. முன்பு 650 சொல் வரை இடம் கொடுத்தார்கள், 2025-26 விண்ணப்பத்தில் அதை 300 ஆகக் குறைத்துவிட்டார்கள். குறைத்ததற்குப் பெற்றோர் சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷம். 300 இருக்கிறதே என்று அதையும் நிரப்பவேண்டாம், மேலே நான் எழுதிய மாதிரி ஆங்கிலத்தில் ஐம்பது அறுபது சொல்லில் முடிந்துவிடும். முக்கியக் கட்டுரையில், அந்த 650 சொல் கட்டுரையில், இதைத் தொடவே தொடாதீர்கள். பிள்ளை யார் என்று காட்ட இருக்கும் ஒரே இடத்தை விடுபட்ட வகுப்புக்குச் செலவு செய்வது நஷ்டம்.

பிள்ளை எழுதுவதைவிட வலுவானது கவுன்சிலர் எழுதுவது. அவருக்கு இதில் சொந்த லாபம் இல்லை, அதனால் அவர் சொல்லுக்கு எடை அதிகம். ஆனால் அவர் தானாக எழுதிவிடுவார் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி அதைவிட எவ்வளவோ அதிகம். உங்கள் பிள்ளை எதற்காக எதை விட்டான் என்பது அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை. பிள்ளையே அவருக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பட்டும். நீங்கள் அனுப்பாதீர்கள். பெற்றோர் மின்னஞ்சல் வந்தால், பையன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வான் என்று பரிந்துரையில் எழுத அவருக்குக் கை வராது.

இனி, பெரிய சிக்கல் எங்கே வரும் என்று சொல்கிறேன். நவம்பர் 1 எர்லி கெடுவுக்கு, அதாவது முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கான கெடுவுக்கு, விண்ணப்பம் போய்விட்டது. அதில் இந்த வருடப் பாடங்கள் என்று ஏ.பி. ஃபிசிக்ஸையும் சேர்த்தே எழுதியாயிற்று. டிசம்பரில் வகுப்பை விட்டாயிற்று. யாருக்கும் சொல்லவில்லை. ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி அரையாண்டு அறிக்கை அனுப்பும். அதில் ஃபிசிக்ஸ் இருக்காது. விண்ணப்பத்தில் ஒன்று, அறிக்கையில் வேறொன்று. கல்லூரிகள் முகம் சுளிப்பது இதற்குத்தான். கிடைத்த இடமும், கடைசி வருடத்தை ஒழுங்காக முடிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கிடைக்கிறது. எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம்) டிசம்பர் நடுவில் இடம் கிடைத்ததும் "அதான் கெடைச்சிருச்சே" என்று இரண்டு ஏ.பி.யைக் கழற்றிவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குக் கல்லூரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது அதற்கு நல்ல பதில் எதுவும் இருக்காது.

எனவே, விண்ணப்பித்த பிறகு மாற்றம் என்றால் முதலில் கல்லூரிக்குச் சொல்லவேண்டும். முடிந்தால் வகுப்பை விடுவதற்கு முன்பே. கல்லூரியின் போர்ட்டலில் அதற்கு வழி இருக்கும். இல்லையென்றால் உங்கள் பகுதியைப் பார்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சல். மாசசூசெட்ஸில் இருக்கும் எம்.ஐ.டி. காமன் ஆப்பில் இல்லை. அவர்கள் பிப்ரவரியில் நிரப்பத் தனியாக ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள், கிரேடுகளோடு மாற்றங்களையும் அதில் எழுதலாம். ஏற்கெனவே இடம் கிடைத்தவர்கள், "இந்த மாற்றம் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

கலிஃபோர்னியாக்காரர்கள் கவனிக்க. யூ.சி. (கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) விண்ணப்பத்தில் பெரும்பாலும் கவுன்சிலர் கடிதமும் கிடையாது, முதலில் டிரான்ஸ்கிரிப்டும் போகாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்தது, எடுக்கப்போவது எல்லாவற்றையும் பிள்ளையே பார்த்துப் பார்த்து நிரப்பவேண்டும். அதை நம்பித்தான் இடம் கொடுக்கிறார்கள், ஜூலையில் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் வந்ததும் சரிபார்க்கிறார்கள். அதனால் அங்கே மாற்றத்தைச் சொல்லாமல் விடுவதன் விலை மற்ற இடங்களைவிட அதிகம். அவர்களே சொல்லச்சொல்லித் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படிப்பு பற்றிய விளக்கத்துக்கு அந்த விண்ணப்பத்தில் இருக்கும் பெட்டியும் சின்னது, எழுத்துகளை எண்ணி எண்ணித்தான் எழுதமுடியும். இன்னொன்று: யூ.சி. போடும் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) கணக்கில் ஏ.பி., ஹானர்ஸுக்கான கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டர் வரைதான், அதுவும் பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு. பத்தாவது ஏ.பி., பதினோராவது ஏ.பி. என்று சேர்த்துக்கொண்டே போவதால் அந்த எண் ஏறாது.

டெக்சாஸில் இருப்பவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அங்கே 1997-இல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் தனி, அது 6 சதவீதமாக இருந்து 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது. பள்ளி மாவட்டம் ஏ.பி.க்குக் கூடுதல் எடை போட்டு ரேங்க் கணக்கிடுகிறது என்றால், ஃபிரிஸ்கோ மாதிரி ஊரில் ஒரு வகுப்பை விடுவது ரேங்க்கை அசைக்கலாம். இதற்கு எந்த விளக்கக் கடிதமும் உதவாது, அது வெறும் கணக்கு. விடுவதற்கு முன் ரேங்க் என்ன ஆகும் என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

கம்யூனிட்டி காலேஜ் வகுப்பை ஹைஸ்கூலிலிருந்தே எடுக்கும் பிள்ளைகளுக்குத் தனி எச்சரிக்கை. அங்கே விழும் டபிள்யூ பள்ளித் தாளோடு போய்விடாது. அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், ஆயுளுக்கும் நிற்கும். டாக்டர் ஆக்கவேண்டும் என்ற கனவு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் பதினாறு வயதில் எடுத்த கல்லூரி வகுப்பையும் காட்டச் சொல்வார்கள். அந்தக் கல்லூரியின் விலகல் கெடுவும் ஹைஸ்கூலின் கெடுவும் ஒன்றாக இருக்காது. ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியட் பாடத்திட்டம்) படிப்பவர்கள் ஹையர் லெவலிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறங்கும்போது டிப்ளோமாவுக்கு வேண்டிய மூன்று ஹையர் லெவல் மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

விடக்கூடாத வகுப்பே இல்லையா என்றால், இருக்கிறது. எஞ்சினியரிங் போகிறவன் கால்குலஸை அடியோடு விட்டுப் புள்ளியியலுக்குப் போகிறேன் என்றால் நான் கையெழுத்துக்கு முன் உட்காரவைத்துப் பேசுவேன். கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் கேட்கிறது. பள்ளியில் அந்தப் பாடம் கிடைக்காதவர்களுக்கு மாற்று வழி வைத்திருக்கிறார்கள், கிடைத்தும் விட்டவர்களுக்காக அது வைக்கப்பட்டதல்ல. பி.சி. வேண்டாம் என்றால் அடுத்த படி கால்குலஸ் இருக்கிறது, அதுவும் முடியாவிட்டால் சாதாரண கால்குலஸ் இருக்கிறது. ஒரு படி இறங்கலாம், ஏணியை விட்டுக் குதிக்கவேண்டாம். ஒரு தேர்வில் 68 வாங்கிய மறுநாள் படிவத்தோடு வருபவர்களையும் நான் திருப்பி அனுப்புவேன். என் வகுப்பில் அக்டோபரில் 68 வாங்குவது வழக்கம். முதல் பாடத்திலேயே வேகம் பிடிபடாது. தூக்கம் போய், சாப்பாடு போய், மற்ற வகுப்புகளும் சரிய ஆரம்பித்துவிட்டனவா என்பதைத்தான் பார்ப்பேன்.

எங்கள் மாநிலத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2015-இல் வெஸ்ட் விண்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். ஹைஸ்கூலில் அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளை எடுத்தார்கள், வீட்டுப்பாடமே இல்லாத இரவுகள் என்று வைத்தார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. தரத்தைக் குறைக்கிறார்கள் என்று எதிர்த்தவர்களில் ஆசியப் பெற்றோர் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாத்தா படித்த கல்லூரி என்று சொல்லிக்கொள்ள நமக்கு எதுவும் இல்லை, படிப்பு ஒன்றுதான் கையில் இருக்கிறது, அதையும் லேசாக்கினால் எப்படி என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் அதே ஊரில் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வரை போயிருந்தார்கள் என்பதும் உண்மை. மறு வருடம் ஹார்வர்டு கல்வியியல் பள்ளியிலிருந்து வந்த ஓர் அறிக்கை, ஏ.பி. வகுப்புகளை அடுக்கிக்கொண்டே போவதைக் கல்லூரிகள் ஊக்குவிக்கக்கூடாது என்றது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதை ஆமோதித்தார்கள். அதற்குப் பிறகு போட்டி குறைந்துவிட்டதா என்றால், இல்லை. அறிக்கையை நம்பி எல்லாவற்றையும் விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றை விட்டால் உலகம் இடிந்துவிடாது என்பதை அவர்களே எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் இதைப் பேசும்போது, பிள்ளை என்ன காரணம் சொல்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கத்தில் வரவேண்டிய வரி பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே இருக்கும். ஒரு பெண் என்னிடம், "மிஸ், எனக்கு பயாலஜி புரியுது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் புரியுது" என்றாள். அதை நாகரிகமாக ஒரு வாக்கியமாக்கி அவளே எழுதினாள், நான் ஒரு காற்புள்ளிகூடப் போடவில்லை. அவளுடைய அப்பாவுக்கு அது போதவில்லை. இன்னும் நாலு வரி சேர்க்கச் சொன்னார். அவள் சேர்க்கவில்லை.

இந்த வருடம் எர்லியில் ஏற்கெனவே அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு வகுப்பை விட்டு, யாருக்கும் சொல்லாமல் இருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இன்னும் நேரம் இருக்கிறது. அரையாண்டு அறிக்கை போவதற்கு முன் பிள்ளையை போர்ட்டலைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த வகுப்பு, எந்தத் தேதி, ஏன், பதிலுக்கு என்ன என்று நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு, அதன் நகலைக் கவுன்சிலருக்கும் அனுப்பட்டும். வழக்கமான கெடுவுக்கு அனுப்பப்போகும் மற்ற கல்லூரிகளின் விண்ணப்பங்களில் இந்த வருடப் பாடப் பட்டியலைத் திருத்திவிட்டு அனுப்புங்கள். பழைய பட்டியலோடு போய்விடப் போகிறது.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை